லாரி குடித்த தண்ணீர்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் சிலருக்கு என்னைவிட மீசை அடர்த்தி. இருந்தாலும் ஜப்பான்காரன் காலத்தில் நான் இந்தத் தொழிலில் இருந்தேன், நீங்கள் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காக எழுதுகிறேன். எஞ்சினைக் கழற்றி மாட்டுவதைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. அதை இங்கே திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கை நடுங்கும்போது எப்படி யோசிப்பது என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதுவும் எனக்கு முழுதாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

என் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். மலாக்காவில் அஞ்சலை அக்கா வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனேன். பிறகு ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். சண்டை வந்ததும் பட்டறையை மூடிவிட்டார்கள். வீட்டில் இங்கிலீஷ் எழுத்து இருந்தாலே ஆபத்து என்று பேச்சுக் கிளம்பியதும், அக்கா என் எஞ்சின் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். "தலைக்குள்ள ஏறினது போதும் தம்பி, மத்தது அடுப்புக்கு" என்றாள்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற கிராமத்துக்கு ஓரமாக ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஜப்பான்காரனின் உணவுக் கிடங்குக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குருபோங் பக்கம் போய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வருவது வேலை. அந்த வேலை இருந்ததால்தான் அவரை இன்னும் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை. சயாமில் ரயில் பாதை போடப் போனவர்கள் யாரும் எங்களுக்குத் தெரிந்து திரும்பவில்லை. பாசாருக்குப் போன ஆளைக் காணோம் என்றால், 'சயாம்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் மாமா லாரியை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். முன்பக்கம் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவருடைய இடது கன்னம் வீங்கியிருந்தது.

"மாப்ளே, இந்தச் சனியன் தண்ணி குடிக்குதுடா. காலையில ரொப்புறேன், குருபோங் போறதுக்குள்ள வத்திப் போவுது. நேத்து ரோட்டுல, நடுச்சடக்குல நின்னுபோச்சு."

"கன்னத்துல என்ன மாமா?"

"இன்னிக்குக் காலையில கெடங்கு சார்ஜன் குடுத்தான். இன்னொரு தடவ லாரி நின்னா, நான் வேணும்னே கெடுக்கிறேன்னு அர்த்தமாம். அப்புறம் சயாம்தான்னு சொல்லிட்டான். சாயங்காலம் மறுபடி குருபோங் போகணும். அவனும் கூட வர்றான்."

ஜப்பான்காரனின் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்படிச் சொன்ன ஒரு டிரைவரை, எப்படிக் கெட்டது என்று விசாரிக்க உள்ளே கூட்டிப் போனார்கள். அவருடைய மனைவி இன்னும் கிடங்கு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறாள் என்று மாமா சொன்னார்.

லாரியை மரத்தடியில் நிறுத்திவிட்டு நான் அடியில் புகுந்தேன். தரை காய்ந்திருந்தது. ரப்பர் குழாய்கள் காய்ந்திருந்தன. ரேடியேட்டரின் முகத்தில் ஒரு சொட்டு இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. புகையிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஒழுகுகிற வண்டி எங்கேயாவது ஈரம் காட்ட வேண்டும். இது எல்லாவற்றையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையை அடைத்துவிடலாம். தெரியாத ஓட்டைக்கு என்ன செய்வது?

"மஞ்சத்தூள் போடு தம்பி, டிரைவருங்க எல்லாம் அதத்தானே போடுறாங்க" என்றாள் அக்கா. கொல்லையில் விளைந்த மஞ்சளை இடித்து அவள் டப்பாவில் வைத்திருந்தாள்.

"அது ரேடியேட்டர் ஊசி ஓட்டைக்குக்கா. இங்க ரேடியேட்டர் ஒழுகவே இல்ல. சின்னக் குழாய்லாம் அடைச்சுக்கும்."

"நீ படிச்சத எல்லாம் கஞ்சி காய்ச்சிட்டேன், இன்னும் பேசுற பாரு."

நான் மறுபடியும் அடியில் புகுந்திருந்த நேரத்தில் மாமா டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தால், ரேடியேட்டர் வாயில் மஞ்சள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பிறகு எஞ்சினை ஓட்டினோம். ஒரு சோறு வேகும் நேரம் அது மரத்தடியில் சீராக ஓடியது. மூடியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் இறங்கவே இல்லை.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "முடிஞ்சுது! நீ வேற, அடைச்சுக்கும் அடைச்சுக்கும்னு... அஞ்சல, கஞ்சிய ஊத்து, குடிச்சிட்டுக் கெளம்புறேன்."

தம்பிகளே, இந்தக் கதையில் நான் மிகவும் பயந்த இடம் இதுதான். பிறகு நடந்தவற்றைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன். லாரி நன்றாக ஓடுகிறது. அவருக்குப் போக வேண்டும். நேரமோ இல்லை. 'போங்க மாமா' என்று சொல்லிவிட்டால் என் பொறுப்பு அங்கே தீர்ந்தது. மனசும் அதைத்தான் கேட்டது. ஆனால் ஒன்று இடித்தது. மஞ்சள் எதை அடைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. எது அடைபட்டது என்று தெரியாமல், அடைபட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? நிழலில் நிற்கிற லாரி எல்லாமே நல்ல பிள்ளைதான். கிழங்கு மூட்டையோடு மேட்டில் ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். அப்போது சார்ஜன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

எஞ்சினைச் சுற்றிவிடும் இரும்புக் கைப்பிடியை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் போகக் கூடாது மாமா."

"டேய், குடுடா அத."

"எங்க போவுதுன்னு தெரியாம உங்கள அனுப்ப மாட்டேன்."

"லேட்டாப் போனாலும் அடிப்பான்டா!"

"அடிதானே? சயாம் இல்லையே?"

அவர் கையை ஓங்கினார். வீங்கிய கன்னத்தோடு ஓங்கிய அந்தக் கை அப்படியே இறங்கிவிட்டது. அவர் லாரிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா ஆரத்தித் தட்டோடு வந்தாள். அடிபட்டும் ஆள் முழுதாக வீடு திரும்பியதற்குக் கண்ணேறு கழிக்க வேண்டுமாம். தட்டில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. அதில் விரல் நுனியளவு சுண்ணாம்பைக் கரைத்தாள். மஞ்சள் அப்படியே சிவந்தது. அதை மாமாவுக்கும் லாரிக்கும் சேர்த்துச் சுற்றி, முன்சக்கரத்துக்கு முன்னால் ஊற்றினாள்.

பிறந்ததிலிருந்து பார்த்த ஆரத்திதான். அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தேன். லாரியின் வயிற்றுக்குள் இப்போது ஓடுவது மஞ்சள் தண்ணீர். வெளியே சுண்ணாம்பைத் தடவி வைத்தால், எங்கே கசிகிறதோ அங்கே சிவக்கும்!

"அக்கா, சுண்ணாம்பு இன்னும் இருக்கா?"

"அவ்வளவுதான்டா. எதுக்கு?"

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாவிடம் ஓடினேன். அவரை எல்லாரும் பீபீ என்று கூப்பிடுவோம். நம்மைப் போல நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டில் சாமி இருக்கும், ஆனால் பேச்சு முழுக்க மலாய். கேட்டதும் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். "காப்போர் ஆடா. சிரே தாடா." சுண்ணாம்பு இருக்கிறது, வெற்றிலைதான் இல்லை. எதற்கு என்று கேட்டார். லாரிக்கு என்றேன். "லாரி பூன் மாக்கான் சிரே?" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். லாரியும் வெற்றிலை போடுகிறதா என்று அர்த்தம். சுண்ணாம்புச் சட்டியை அப்படியே கொடுத்தனுப்பினார்.

எஞ்சினில் சந்தேகப்பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பை ஈரமாக அப்பினேன். இனி எஞ்சினை நன்றாகச் சூடேற்ற வேண்டும். மெதுவாக ஓட்டினால் பயனில்லை, உறும விட வேண்டும். கம்போங் முழுக்க வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்த காலத்தில், ஜப்பான்காரன் லாரியை ஒரு வீட்டு வாசலில் உறும விடுவது என்றால், வந்து பிடித்துக்கொள் என்று கூப்பிடுகிற மாதிரி. உறும விடாவிட்டால் ஓட்டை தெரியாது. மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.

அந்தச் சத்தம் என் பல்லுக்குள் இன்னும் இருக்கிறது. சன்னல்கள் மூடின. "மாத்தி லா கித்தா!" என்று பீபீ உள்ளேயிருந்து கத்தினார். நாம் செத்தோம் என்கிறார். நான் மட்கார்டில் குப்புறப் படுத்து எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளையாகவே இருந்தது எல்லாம். பம்பு வெள்ளை. குழாய்க் கழுத்துகள் வெள்ளை. பிறகு, கொதிக்கிற புகைக்குழாய்க்குப் பின்னால், கை மட்டும் நுழைகிற இடுக்கில், மெதுவாக ஒரு கோடு சிவந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிறை அளவுக்கு விரிந்தது.

எஞ்சினின் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு தகர மூடி அடித்திருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது துருப்பிடித்து ஓரத்தில் அரித்திருந்தது. சூடேறினால்தான் வாயைத் திறக்கும். கசிந்த தண்ணீர் கீழே சொட்டுவதற்குள் புகைக்குழாய்ச் சூட்டில் ஆவியாகிவிடும். தரை காய்ந்திருந்ததன் ரகசியம் அவ்வளவுதான்.

கண்டுபிடித்த சந்தோஷம் நிலைக்கவில்லை. மஞ்சள் தண்ணீரை ஒரு வாளியில் இறக்கிவிட்டு உளியை வைத்துத் தட்டினேன். தகரம் அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே விழப் பார்த்தது. எப்படியோ பிடித்து வெளியே எடுத்தேன். இப்போது லாரியில் பெரிய ஓட்டை. போட மூடி இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த லாரியை ஓடாத லாரியாக்கி வைத்திருந்தேன்.

"தகரத்த வெட்டிப் போடுடா" என்றார் மாமா. பால் டின் தகரத்தை வெட்டி அடித்துப் பார்த்தேன், மடங்கிவிட்டது. கொஞ்சம் கனமாக, கொஞ்சம் மிருதுவாக, அடித்தால் விரிகிற மாதிரி வேண்டும். செம்பு வேண்டும்.

"பழைய செப்புக் காசு இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் அந்த வீட்டில் ஒரே ஒரு செப்புக் காசுதான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய வட்டக் காசு, மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே தொங்கியது. மாமா சயாமுக்குப் போகாமல் இருந்தால் மாரியம்மனுக்குச் செலுத்துவதாக அக்கா முடிந்துவைத்த நேர்த்திக் காசு. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைச் சாமிக்கு முடியக் கூடாது என்று தேடிப் பிடித்து வாங்கியது. முடிந்த காசை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் வேண்டுதல் முறிந்தது என்று அர்த்தம்.

மாமாதான் முதலில், "வேணாம் மாப்ளே, அது மட்டும் வேணாம்" என்றார்.

அக்கா உள்ளே போனாள். திரும்பி வரும்போது காசு அவள் உள்ளங்கையில் இருந்தது. துணி இடுப்பில் செருகியிருந்தது.

"எதுக்காக முடிஞ்சேன்? இவரு போகக் கூடாதுன்னுதானே? இந்தா. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

காசை அடித்து விரித்தேன். அதில் இங்கிலாந்து ராஜாவின் தலை இருந்தது. அந்தத் தலை லாரியில் இருப்பது தெரிந்தால் சயாம்கூடத் தேவையில்லை, அங்கேயே முடிந்துவிடும். தலையை உள்பக்கமாகத் திருப்பி வைத்து, ஒரு மரக்கட்டையைக் கொடுத்து அடித்து இறுக்கினேன். மீதிச் சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்து விளிம்பில் பூசினேன். அக்காவின் பிள்ளைக்கென்று வைத்திருந்த முட்டை அது. எஞ்சினில் மிச்சமிருந்த சூட்டிலேயே பூச்சு இறுகியது. மஞ்சள் தண்ணீரை மறுபடி ஊற்றினோம். இந்தத் தடவை நானே மஞ்சளை வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் அது போய் அடைக்கட்டும் என்று நினைத்தேன். எஞ்சினைச் சூடேற்றிப் பார்த்தோம். பூச்சு வெள்ளையாகவே இருந்தது.

நான் நிமிர்ந்தபோது வாசலில் சார்ஜன் நின்றுகொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு வந்தானோ, யாராவது சொன்னார்களோ தெரியாது. எல்லாரும் குனிந்து வணங்கினோம். அவன் முதலில் தரையைப் பார்த்தான். முன்சக்கரத்தடியில் ஆரத்தி சிவப்பாகத் தேங்கியிருந்தது. அவன் கை இடுப்புக்குப் போனது. பிறகு எஞ்சினைப் பார்த்தான். வெள்ளையும் சிவப்புமாக அப்பிக் கிடந்தது. ரேடியேட்டரைக் காட்டி மாமாவிடம் கேட்டான்.

"மிஸு?"

மிஸு என்றால் அவர்கள் பாஷையில் தண்ணீர். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறான். மாமாவின் காதில் அது 'மிச்சம்' என்று விழுந்தது. கிழங்கு மூட்டையில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாயா என்று கேட்கிறானாம்! அவர் இரண்டு கையையும் விரித்துக் கத்தினார்.

"தாடா! மிச்சம் தாடா, துவான்! சத்தியமா தாடா!"

தண்ணீர் இல்லவே இல்லை துரை என்று டிரைவரே சொல்கிறான். சார்ஜனின் முகம் மாறியது. அவன் இரண்டு எட்டு வைத்து நெருங்கினான். நிப்பான்கோ என்ற ஜப்பான் பாஷை வகுப்பில் நான் கற்ற பாதிப் பாஷையும் மறந்துபோயிற்று. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"மிஸு அரிமாஸ்! அரிமாஸ்!" இருக்கிறது, இருக்கிறது என்றேன்.

திற என்று சைகை காட்டினான். துணியைப் போட்டு மூடியைத் திருகினேன். ஆவி என் மணிக்கட்டைச் சுட்டது, நான் கையை எடுக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவனுக்கு மஞ்சளாகத் தண்ணீர் தெரிந்தது. "நானி?" என்று உறுமினான். இது என்ன?

"குஸுரி" என்றேன். மருந்து. வேறு வார்த்தை தெரியவில்லை.

அவன் என்னை நம்பவில்லை. குனிந்து ஆவியை மோந்து பார்த்தான். நெற்றி சுருங்கியது. மறுபடி மோந்தான். பிறகு அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை எங்கள் யாருக்கும் முதலில் புரியவில்லை.

"கரே?"

கறி! அவன் ஊரிலும் மஞ்சள் போட்ட கறி தின்பார்களாம். லாரிக்குள் கறி கொதிக்கிறது என்று அவன் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் இருக்கப் பயமாக இருந்தது, சிரிக்கவும் பயமாக இருந்தது. சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைக் காட்டி, "சியாப்பா?" என்றான். அது மலாய், இது யார் என்று கேட்கிறான். அந்த நாட்களில் மெக்கானிக் கிடைத்தால் சயாமுக்கு முதல் வண்டியில் ஏற்றுவார்கள்.

மாமா முந்திக்கொண்டார். "போடோ, துவான். இது போடோ. ஒண்ணும் தெரியாது. தண்ணி ஊத்தச் சொன்னேன், அதுகூடச் சரியா வரல." போடோ என்றால் முட்டாள். சொல்லிவிட்டு என் தலையில் ஒரு தட்டும் தட்டினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன், வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, எவ்வளவு முட்டாளாக முடியுமோ அவ்வளவு முட்டாளாக நின்றேன்.

லாரி கிளம்பியது. சார்ஜன் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

அக்காவும் நானும் வாசலிலேயே இருந்தோம். அவள் வெறும் மஞ்சள் துணியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமா வந்தார். நடந்து வந்தார். லாரி இல்லாமல் அவரைப் பார்த்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரி கெடங்குல நிக்குது. ஒரு சொட்டு எறங்கல" என்றார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. "வழியில கேட்டான் மாப்ளே, யாரு ரிப்பேரு பண்ணதுன்னு. நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன் மாமா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? இப்ப கெடங்கு லாரி பூரா என் தலையில. நான்தான் இனி பழுது பாக்கணுமாம். பாத்தா இங்கயே இருக்கலாம். பாக்கலேன்னா..."

கைப்பிடியைச் சுற்றவும் ஓட்டவும் மட்டுமே தெரிந்த மனிதர் அவர். சயாமுக்கும் அவருக்கும் நடுவில் இப்போது நின்றது அவருக்குத் தெரியாத ஒரு தொழில்.

அன்றிலிருந்து ஜப்பான்காரன் போகும்வரை நான் ஒரு லாரியையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் எல்லா லாரியையும் நான்தான் பழுது பார்த்தேன். சாயங்காலம் மாமா வருவார். கஞ்சி குடிப்பதற்கு முன்னால், என்ன சத்தம், எப்போது வருகிறது, ஏறும்போதா இறங்கும்போதா, என்ன வாடை என்று நான் கேட்பேன். அவர் சொல்வதை வைத்து நான் சொல்வேன், மறுநாள் அவர் தனக்கே தெரிந்த மாதிரி செய்வார். தப்பாகச் சொன்னால் போவது அவர். ஒவ்வொரு தடவையும் அவர் படியிறங்கிப் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்காது. எஞ்சினைத் தொடாமல் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டது அந்த நாட்களில்தான். ஆகவே, ஒரு டிரைவர் உங்களிடம் வந்து உளறினால், பானட்டைத் திறப்பதற்கு முன்னால் அவரை முழுதாக உளற விடுங்கள். அவருக்கு வார்த்தை கிடைக்காவிட்டால் காத்திருங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் மாமாவுக்கு எந்த வார்த்தையும் வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கன்னத்தை உப்பி வாயால் லாரியை ஓட்டினார். "கடகட கடகட... டொக்... கடகட..." அக்காவின் பிள்ளை சிரிக்க ஆரம்பித்தது. வெளியே சடக்கில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மாமா வாயால் ஓட்டிய லாரியைச் சட்டென்று நிறுத்தினார். பூட்ஸ் வேலியருகே நின்றது. பிறகு மெதுவாகத் தாண்டிப் போனது.

அக்கா பிள்ளையின் வாயிலிருந்து கையை எடுத்தாள். நான் மாமாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் காதருகே சொன்னேன்.

"அந்த டொக் இன்னொரு தரம் சொல்லுங்க மாமா. மெதுவா."